46,767 கோடியும் 10,000 ரூபாயும்: பள்ளிக்கல்வி பட்ஜெட்டைப் படிப்பது எப்படி?

2025 மார்ச் 14, தமிழ்நாடு பட்ஜெட் தாக்கலான நாள். அன்று சாயங்காலம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிப் பக்கம் போயிருந்தேன். பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகியும் தலைமையாசிரியை கிளம்பவில்லை. நீளமான ஒரு நோட்டில் வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தார். “உங்க துறைக்கு 46,767 கோடியாமே டீச்சர்” என்றேன். நிமிராமலே பதில் வந்தது: “எங்க பள்ளிக்கூடத்துக்குப் பத்தாயிரம் சார். அதுலயும் பாதிதான் வந்திருக்கு.”

இரண்டு எண்ணுமே உண்மை. முதல் எண் எப்படி இரண்டாவது எண்ணாகச் சுருங்குகிறது என்பது புரிந்துவிட்டால், பள்ளிக்கல்வி பட்ஜெட்டில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

நிதியமைச்சர் சட்டமன்றத்தில் வாசிப்பது பட்ஜெட் உரை. அது பட்ஜெட் அல்ல, அதன் விளம்பரப் பலகை என்று வைத்துக்கொள்ளலாம். அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 202 கேட்பது ஆண்டு நிதிநிலை அறிக்கையை, அதாவது வரும் ஆண்டில் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்ற மதிப்பீட்டை. அதற்குப் பின்னால் ஒவ்வொரு துறையும் ‘எனக்கு இவ்வளவு வேண்டும்’ என்று கேட்கும் மானியக் கோரிக்கைகள் வரும். பள்ளிக்கல்வித் துறையின் கோரிக்கை எண் 43. சட்டமன்றம் அதன்மீது விவாதம் நடத்தும், எதிர்க்கட்சிகள் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், கடைசியில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறும். அதற்குப் பிறகுதான் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க அனுமதி. ஆக, பட்ஜெட்டில் வருவது செலவழித்த பணம் அல்ல, செலவழிக்கக் கேட்கும் அனுமதி. டிவி விவாதங்களில் இந்த ஒரு வித்தியாசம்தான் முதலில் காணாமல் போகிறது.

கோரிக்கை எண் 43-க்கான புத்தகம் நிதித்துறை இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. முதல்முறை திறப்பவர்களுக்குத் தலை சுற்றும். எனக்கும் சுற்றியது. அதில் எண்கள் ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இருக்கும் என்பது தெரியாமல், ஒரு திட்டத்துக்கு வெறும் 50,000 ரூபாயா என்று ஒரு நண்பரிடம் கொதித்திருக்கிறேன். அது ஐந்து கோடி. எனவே எண்ணைப் படிக்கும் முன் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே நெட்டுவாக்கில் நான்கு பத்திகள் (column) இருக்கும். 2025-26 புத்தகம் என்றால், 2023-24-க்கான கணக்கு, 2024-25-க்கான பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, அப்புறம் 2025-26-க்கான பட்ஜெட் மதிப்பீடு. செய்தித்தாள் தலைப்பில் வருவது கடைசிப் பத்தி. நிஜமாக நடந்ததைச் சொல்வது முதல் பத்தி மட்டுமே, அதுவும் இரண்டு வருடம் பழையது. நடுவில் இருக்கும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது என் வழக்கம். போன மார்ச்சில் 100 என்று சொன்னது இந்த மார்ச்சில் 80 ஆகியிருந்தால், அந்தத் திட்டத்துக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். டெண்டர் போகவில்லையோ, ஆள் போடவில்லையோ, டெல்லியிலிருந்து பணம் வரவில்லையோ, ஏதோ ஒன்று. எதிர்ப்புறமாக 120 ஆகியிருந்தால், நடு வருடத்தில் துணை மதிப்பீடு கொண்டுவந்து கூடுதல் பணம் வாங்கியிருப்பார்கள்.

ஒரே ஆண்டுக்கு இரண்டு பட்ஜெட் வந்த கதையும் உண்டு. 2021 தேர்தல் ஆண்டு. பிப்ரவரியில் வந்த இடைக்கால பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு 34,181.73 கோடி. ஆட்சி மாறி, ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த திருத்த பட்ஜெட்டில் 32,599.54 கோடி. ஏறத்தாழ 1,580 கோடி குறைவு. “கல்வி நிதியை வெட்டிவிட்டார்கள்” என்று ஒரு தரப்பு சொன்னது. ஆனால் அது கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த வருடம், நிதியாண்டில் நாலரை மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தது. வெட்டா, நடப்பு நிலவரத்துக்கு ஏற்ற திருத்தமா என்பதை மொத்தத் தொகையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

சரி, மொத்தத் தொகை ஏறியதைப் பார்ப்போம். 2022-23-ல் 36,896 கோடி. அடுத்த ஆண்டு 40,299. அதற்கடுத்து 44,042. 2025-26-ல் 46,767. மூன்றே வருடத்தில் 9,871 கோடி கூடியிருக்கிறது, ஏறக்குறைய 27 சதவீதம். பெரிய பாய்ச்சல்தானே என்று தோன்றும்.

இப்போது ஒரு டீச்சரின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அடிப்படை ஊதியம் 50,000 ரூபாய் என்று வையுங்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் அகவிலைப்படி 2022 ஜூலையில் 34 சதவீதம். எனவே அன்று இரண்டும் சேர்த்து 67,000. 2025 ஜனவரியில் அகவிலைப்படி 55 சதவீதம் ஆனது. அதே அடிப்படை ஊதியத்துக்கு அப்போது 77,500. புதிதாக ஒரு டீச்சர்கூட வரவில்லை, ஒரு வகுப்பறைகூடக் கட்டவில்லை. ஆனாலும் செலவு கிட்டத்தட்ட 16 சதவீதம் கூடிவிட்டது. வருடாந்திர ஊதிய உயர்வு 3 சதவீதம் தனி. ஓய்வு பெறுகிறவர்கள் அதிகச் சம்பளத்தில் வெளியே போய், இடம் காலியாகவே கிடந்தால் கணக்கு சற்று இறங்கும். அதனால் இதை அப்படியே மொத்த பட்ஜெட்டுக்கும் போட்டுவிட முடியாது. ஆனால் 27 சதவீத உயர்வில் பெரும்பகுதி எங்கே போயிருக்கும் என்பது இதிலேயே தெரிகிறது. கோரிக்கைப் புத்தகத்தில் 301 என்ற எண்ணில் சம்பளமும் 303-ல் அகவிலைப்படியும் இருக்கும். அந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினால் மீதி விளங்கும்.

இதைச் சொன்னதும், “அப்ப சம்பளம்தான் எல்லாத்தையும் தின்னுது” என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளிக்கூடம் என்பதே முதலில் டீச்சர்தான். மருத்துவமனைச் செலவில் டாக்டர் சம்பளம் அதிகம் என்று யாரும் குறைப்படுவதில்லை.

எங்கள் பள்ளிக் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 28 பிள்ளைகள், இரண்டு டீச்சர். இரண்டு பேருக்கும் மேலே சொன்ன சம்பளம் என்றே வைத்தால், வீட்டு வாடகைப்படி சேர்க்காமலே வருடத்துக்கு 18,60,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 66,429. தனியார் பள்ளி ஃபீஸைவிட அதிகம் என்று இந்த எண்ணை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அதே இரண்டு டீச்சரை வைத்துக்கொண்டு இந்தப் பள்ளியில் 60 பிள்ளைகள் இருந்தால்? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பேர் வரை இரண்டு ஆசிரியர் போதும். அப்போது ஒரு பிள்ளைக்கு 31,000. பள்ளி மாறவில்லை, டீச்சர் மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை, செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ‘ஒரு மாணவருக்கு அரசு செலவழிப்பது’ என்று எந்த எண்ணைப் பார்த்தாலும், அது செலவைப் பற்றிச் சொல்கிறதா, சேர்க்கையைப் பற்றிச் சொல்கிறதா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இப்போது டீச்சர் சொன்ன பத்தாயிரத்துக்கு வருகிறேன். அதற்குப் பெயர் பள்ளி மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கொடுப்பது. 30 பேர் வரை 10,000. நூறு வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். சாக்பீஸ், ரிஜிஸ்டர், பல்பு, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் இதில்தான். பத்தில் ஒரு பங்கை சுத்தம், சுகாதாரத்துக்கு வைக்க வேண்டும். எங்கள் பள்ளிக்கு 1,000 ரூபாய், பினாயில், துடைப்பம், சோப்பு வாங்க.

பத்தாயிரத்தை 28-ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 357 ரூபாய். மேலே பார்த்த 66,429-ஐயும் இந்த 357-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தொகையில் ஒரு பைசாவைக்கூடத் தலைமையாசிரியை தன் விருப்பப்படி இங்கிருந்து அங்கே நகர்த்த முடியாது. சம்பளம் ‘களஞ்சியம்’ என்ற அரசு மென்பொருள் வழியாகக் கருவூலத்திலிருந்து நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விடும். பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்து அவரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடியது அந்த 357 மட்டும்தான். பட்ஜெட் பெருத்திருக்கிறதா, சிறுத்திருக்கிறதா என்பதைவிட இந்த நகரும் பணம் எவ்வளவு என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு பள்ளி, நான்கைந்து துறைகள்

காலையில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடும் உப்புமா கோரிக்கை எண் 43-ல் இல்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அதன் செலவு சமூகநலத் துறைக் கோரிக்கையில் வருகிறது. மத்தியானச் சத்துணவும் அங்கேதான். எங்கள் பள்ளிக் கட்டடமும் பள்ளிக்கல்வித் துறை கணக்கில் வருவதில்லை. ஒன்றியப் பள்ளிகளுக்கு வகுப்பறை கட்டுவது ஊரக வளர்ச்சித் துறை. ‘குழந்தை நேய பள்ளி உட்கட்டமைப்பு’ என்று பெயர்ப் பலகை வைத்த புதுக் கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள், அவை அந்தத் துறையின் பணத்தில் எழுந்தவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனிக் கோரிக்கை. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கு வேறு கோரிக்கை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் சமூகநலத் துறையில். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பென்ஷனுக்கு இன்னொரு கோரிக்கை.

மறுபக்கமும் இருக்கிறது. கோரிக்கை 43-ல் இருப்பதெல்லாம் அரசுப் பள்ளிக்குப் போகிறது என்றும் நினைக்கக் கூடாது. அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளம் அதில்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேரும் குழந்தைகளின் கட்டணமும் அரசு கொடுப்பதே. எனவே 46,767 கோடியை அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கையால் வகுத்து வாட்ஸப்பில் சுற்றும் கணக்கு இரண்டு பக்கமும் தப்பு. சேர்க்க வேண்டியதைச் சேர்க்கவில்லை, கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை.

கட்டடம் பற்றிப் பேசும்போது ஒரு நுணுக்கம். சாலை, பாலம், கட்டடம் மாதிரி நிலைத்து நிற்கும் சொத்துக்குச் செலவழிப்பது மூலதனச் செலவு, சம்பளம் மாதிரி வருடாவருடம் கரைவது வருவாய்ச் செலவு என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் ஊராட்சி ஒன்றியத்துக்கு மானியமாகப் பணம் கொடுத்து அவர்கள் வகுப்பறை கட்டினால், சொத்து மாநில அரசின் பெயரில் சேராது, எனவே மாநிலக் கணக்கில் அது வருவாய்ச் செலவாகத்தான் ஏறும். பள்ளிக்கல்வியில் மூலதனச் செலவு சொற்பமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டடமே கட்டவில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது.

அதேபோல அறிவிப்பில் வரும் பெரிய தொகையைப் பார்த்ததும் ‘எத்தனை வருடத்துக்கு?’ என்று கேட்க வேண்டும். 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 7,000 கோடி என்று அறிவித்தார்கள். அது ஐந்தாண்டுக்கு. அந்த முதல் ஆண்டுக்கு ஒதுக்கியது 1,300 கோடி. ஏமாற்று ஒன்றுமில்லை, உரையிலேயே சொல்லியிருந்தார்கள். தலைப்புப் போடுகிறவர்களுக்குப் பெரிய எண்தான் பிடிக்கும், அவ்வளவுதான்.

டெல்லி கொடுக்கும் பங்கு

மாநிலத்தின் ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது? 2025-26 மதிப்பீட்டில் வருவாய் வரவு 3,31,569 கோடி. அதில் 2,20,895 கோடி மாநிலமே வசூலிக்கும் வரி, ரூபாய்க்கு 67 பைசா. மத்திய வரிகளில் பங்கு 58,022 கோடி, பதினேழரைப் பைசா. மத்திய அரசின் மானியங்கள் 23,834 கோடி, ஏழு பைசா. மீதி வரியில்லாத வருவாய். வரிப் பங்கை மாநிலம் எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். மானியம் அப்படியல்ல, எதற்காக வந்ததோ அதற்கு மட்டும், சொன்ன நிபந்தனையோடு. வருமான வரி கட்டுகிறவர்கள் 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி கட்டுகிறார்களே, அது மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் தொட்டியில் விழாது. மத்திய அரசே வைத்துக்கொண்டு தன் திட்டங்கள் வழியாகத்தான் கொடுக்கும்.

சமக்ர சிக்ஷாவில் மத்திய அரசு 60, மாநிலம் 40. 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புதலான தொகை 3,586 கோடி, மத்தியப் பங்கு 2,152 கோடி. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், மும்மொழிக் கொள்கையும் கூடவே வரும் என்பதால் மாநிலம் போடவில்லை. அதனால் சமக்ர சிக்ஷா பணமும் வரவில்லை. 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் வழக்கு வந்தால் நேராக அங்கே போகலாம் என்னும் பிரிவு 131-ன் கீழ். கேரளமும் மேற்கு வங்கமும் இதே சிக்கலில் மாட்டின. இந்த நிதியை அந்த ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போடக் கூடாது என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். 44,042 கோடி பட்ஜெட்டில் 2,152 கோடி என்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. இதற்கு ஏன் இவ்வளவு சத்தம்? மும்மொழி, மாநில உரிமை என்ற அரசியல் பெரிய காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்திலும் ஒரு பதில் இருக்கிறது. மற்ற தொகை பெரும்பாலும் சம்பளமாகக் கட்டுண்டு கிடக்கிறது. டெல்லியிலிருந்து வராமல் நின்ற அந்த ஐந்துதான் நகரும் பணம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், ஆசிரியர் பயிற்சி, மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வண்டி வசதி, கஸ்தூரிபா உண்டு உறைவிடப் பள்ளிகள், 25 சதவீத இடஒதுக்கீட்டின் கட்டணம், எங்கள் டீச்சரின் பத்தாயிரம், எல்லாம் இந்தப் பானையிலிருந்து எடுப்பவை. 2012-ல் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் 16,549 பேரை எடுத்தார்களே, ஓவியம், உடற்கல்வி, தையல் சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள், அவர்களும் திட்டப் பணத்தை நம்பி வந்தவர்கள்தான். பானை காலியானால் நிரந்தர டீச்சரின் சம்பளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே ஓரத்தில் நிற்பவர்களுக்குத்தான் முதல் அடி. இந்தப் பங்கைத் தன் சொந்தப் பணத்தில் சமாளிப்பதாக மாநில அரசு 2025-26 பட்ஜெட் உரையில் சொன்னது. ஆனாலும் 2025-ல் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை வழக்கமான மாதத்தில் தொடங்கவில்லை. அக்டோபர் வரை இழுத்தது.

தலைநகரங்கள் இரண்டுக்கும் நடக்கும் இந்த மல்லுக்கட்டில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் உங்கள் முடிவுக்கு வரலாம். பட்ஜெட் படிக்கிறவர் செய்ய வேண்டியது வேறு. அந்த ஆண்டின் முதல் பத்தி, அதாவது ‘கணக்கு’, அச்சில் வரும் வரை காத்திருந்து, ஒதுக்கியதும் செலவழித்ததும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) நிதி ஒதுக்கீட்டுக் கணக்கு அறிக்கையில் துறைவாரியாகச் செலவழிக்காமல் சரண்டர் செய்த தொகையும் இருக்கும். அதை விசாரிக்க சட்டமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு என்று ஒன்று இருக்கிறது. செய்திகளில் அதிகம் அடிபடாத குழு.

எங்கள் பள்ளிக்கு மீதி ஐயாயிரம் மார்ச் 25-ஆம் தேதிதான் வந்தது. 31-க்குள் செலவழித்து, பில் ஒட்டி, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும். அவசரமாகப் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினார் டீச்சர். பெற்றோர்கள்தான் பெரும்பான்மை என்பதால் குழுவில் அம்மாக்களே அதிகம். கழிப்பறைக் குழாய் மூன்று ஒழுகுகிறது. மூன்றாம் வகுப்பில் சுவிட்ச் போர்டு எரிந்துபோய்க் கிடக்கிறது. இரண்டையும் செய்தால் பிளம்பர் கூலி, எலக்ட்ரீசியன் கூலி சேர்த்துக் கையில் உள்ளது போதாது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சொன்னார்: “கொழாய எங்க வீட்டுக்காரரு மாட்டிக் குடுப்பாரு டீச்சர். சாமானுக்கு மட்டும் எழுதுங்க.”

மறுநாள் நோட்டைப் பார்த்தேன். குழாய் மூன்று, டெஃப்லான் டேப் ஒன்று, கடை பில் எண், தொகை. கூலி என்ற கட்டத்தில் டீச்சர் சின்னதாக ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரியில் சுவிட்ச் போர்டு எழுதியிருந்தார்.